லைட்டு எரியுது, நெட் வரமாட்டேங்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் பொதிகை அடிவாரத்து ஊர்களில் சாயங்காலம் இடி இறங்கும். ராத்திரி முழுக்க கரண்ட் போய்ப் போய் வரும். மறுநாள் காலை அம்பாசமுத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவிலுள்ள கம்ப்யூட்டர் மெக்கானிக்குகளுக்குப் போன் ஓயாது. தலைப்பில் இருப்பதுதான் அநேகமாக முதல் வாக்கியம்.

ஆழ்வார்குறிச்சியில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். பட்டா, சிட்டா எடுத்துக் கொடுப்பது, சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, பரமகல்யாணி கல்லூரிப் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் பிரிண்ட் போடுவது என்று ஓடுகிற கடை. பழைய டெஸ்க்டாப் இரண்டு, இரண்டிலும் லினக்ஸ். மெக்கானிக் வருகிறார். மோடத்தை அணைத்துப் போடுகிறார், ஒயரைப் பிடுங்கிச் செருகுகிறார், மவுஸை நாலு தடவை அழுத்துகிறார்.

“என்ன தம்பி, சரியாயிருமா?”

“ஃபார்மட் போட்டுருவோம் அண்ணாச்சி. ஒரு மணி நேர வேலைதான்.”

இந்த அத்தியாயம் அந்தக் கடைசிப் பதிலுக்கு எதிரானது. ஃபார்மட் போட்டால் சில நேரம் சரியாகிவிடும் என்பதுதான் அதிலுள்ள தொல்லையே. எது கெட்டிருந்தது, ஏன் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வந்தால் மறுபடி அதே ஒரு மணி நேரம். மின்னலில் லேன் சிப் கருகியிருந்தால் பத்துத் தடவை ஃபார்மட் போட்டாலும் நெட் வராது. அதைவிட மோசம், முந்தைய ராத்திரி என்ன நடந்தது என்று அந்த மெஷின் நிமிஷம் நிமிஷமாக எழுதி வைத்திருந்த பதிவு முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தில் அழிந்துபோகிறது.

லினக்ஸ் இந்தப் பக்கத்து ஊர்களுக்கு வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். தமிழக அரசின் எல்காட் நிறுவனத்துக்கு மேலாண்மை இயக்குநராக சி. உமாசங்கர் இருந்த 2006, 2007 காலத்தில் அந்த நிறுவனம் சூசே லினக்ஸுக்கு மாறியது. அரசு வாங்கிய கம்ப்யூட்டர்களிலும் அது ஏறியது. அதே 2007இல் சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையாக வைத்து ‘பாஸ்’ லினக்ஸை வெளியிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தபடி வீட்டுக்கு வீடு வந்தன. 2014 ஏப்ரல் 8இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது, பழைய மெஷின்களை வைத்திருந்த அலுவலகங்களுக்கு லினக்ஸ் இன்னொரு முறை நினைவுக்கு வந்தது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம்; அங்கே பள்ளிக்கூடக் கணினிப் பாடமே கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது.

இலவச லேப்டாப்பிலிருந்த பாஸுக்கு நம் பிள்ளைகள் என்ன மரியாதை செய்தார்கள் என்பது ஊரறிந்த கதை. முதல் வேலையாக அதை அழித்துவிட்டு, அந்த இடத்தையும் சினிமாவுக்குக் கொடுத்தார்கள். கேட்டால் அதிகமும் சொல்லப்பட்ட காரணம், “அதுல வைஃபை வராதுப்பா.” அந்தக் காரணம் முழுப் பொய்யும் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் முறை. கடனாநதி அணையில் தண்ணீர் இருக்கிறது, ஆனால் கடைமடை வயலுக்கு வரவில்லை என்றால் விவசாயி என்ன செய்வார்? அணையை இடித்துக் கட்டச் சொல்லமாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் ஓரமாக மேலே நடப்பார். பாதி வழியில் ஒரு மடையில் எட்டிப் பார்ப்பார். அங்கே தண்ணீர் ஓடினால் அடைப்பு கீழே; ஓடவில்லை என்றால் மேலே. ஒரே பார்வையில் பாதி வாய்க்கால் கழிந்துவிட்டது. நெட்வொர்க் கோளாறுக்கும் இதைத் தவிர வேறு வழி கிடையாது. வேறுபாடு ஒன்றுதான், இங்கே மடைகளை வரிசையாகப் பெயர் சொல்லிக் கேட்கலாம், லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும்.

முதல் கேள்வி: லேன் சிப் உயிரோடு இருக்கிறதா? டெர்மினலைத் திறந்து ‘எல்எஸ்பிசிஐ’ என்ற ஐந்தெழுத்துக் கட்டளையை அடித்தால், மதர்போர்டில் பிசிஐ பாதையில் தொங்குகிற எல்லாச் சாதனங்களும் வரிசையாக வரும். கிராஃபிக்ஸ், ஆடியோ, யூஎஸ்பி என்று பத்துப் பதினைந்து வரி. அதில் ஈதர்நெட் என்ற வரியே இல்லை என்றால் இரண்டே சாத்தியம். பயாஸ் அமைப்பில் யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள், அல்லது சிப் போய்விட்டது. இடி விழுந்த மறுநாள் என்றால் இரண்டாவதை நம்பலாம்.

கம்ப்யூட்டர் முழுக்க நன்றாக ஓடும்போது லேன் மட்டும் ஏன் சாகிறது? கரண்ட் லைனில் வரும் எழுச்சியை எஸ்எம்பிஎஸ், ஸ்டெபிலைசர், யுபிஎஸ் என்று யாராவது ஒருவர் வழியில் வாங்கிக்கொள்வார்கள். டெலிபோன் லைனுக்கு அப்படி யாரும் இல்லை. பிராட்பேண்ட் செப்புக் கம்பியில் வந்த காலத்தில், கம்பத்துக்குக் கம்பம் கிலோமீட்டர் கணக்கில் ஓடிய அந்த ஜோடிக் கம்பி பக்கத்தில் விழும் மின்னலுக்கெல்லாம் ஏரியல் மாதிரி நின்றது. மின்னல் கம்பியிலேயே விழ வேண்டும் என்ற அவசியம் இல்லை. அதன் மின்னோட்டம் ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறிவிடுவதால், சுற்றிலும் மாறும் காந்தப்புலமே நீளமான கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும். அது மோடத்துக்கு வந்து, மோடத்திலிருந்து லேன் கேபிள் வழியாக மதர்போர்டுக்கு வருகிறது. லேன் போர்ட்டின் வாசலில் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. ஈதர்நெட் தரக்குறிப்பின்படி 1500 வோல்ட் வரை அது தடுத்து நிற்க வேண்டும். அதற்கு மேல் வந்தால் தாண்டிவிடும். பின்னால் இருக்கிற சிப் வேலை செய்வதோ சில வோல்ட்டில்.

இப்போது ஃபைபர் வந்துவிட்டதால் கண்ணாடி வழியாக மின்னல் வராது என்று சொல்கிறார்கள். கண்ணாடி வழியாக வராதுதான். ஆனால் தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் ஃபைபர் கேபிள் பலவற்றில் பாரம் தாங்க ஓர் இரும்புக் கம்பி கூடவே ஓடுகிறது. ஃபைபர் மோடத்துக்கான அடாப்டரும் சுவரிலிருந்துதான் கரண்ட் எடுக்கிறது. இடி இடிக்கும்போது பிளக்கையும் லேன் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கி வைக்கும் பழைய வழக்கத்தை விட வேண்டாம். கருகிப்போன சிப்புக்கு மதர்போர்டை மாற்ற வேண்டியதும் இல்லை. ஒரு யூஎஸ்பி லேன் அடாப்டர் போதும், லினக்ஸ் கெர்னல் பெரும்பாலானவற்றைச் செருகியவுடன் அடையாளம் கண்டுகொள்ளும்.

வரிசையில் ஈதர்நெட்டோ வைஃபையோ தெரிகிறது, ஆனால் வேலை செய்யவில்லை என்றால் அடுத்த மடை டிரைவர். இங்கேதான் கெர்னல் எழுதி வைத்த பதிவு உதவும். அதைப் பார்க்கும் கட்டளை ‘டிமெசேஜ்’. நூற்றுக்கணக்கான வரி கொட்டும். பயப்பட வேண்டாம், வைஃபை சம்பந்தப்பட்ட வரிகளை மட்டும் தேடினால் போதும். “ஃபர்ம்வேர் ஏற்ற முடியவில்லை” என்ற பொருளில் ஒரு வரி, கூடவே ஒரு கோப்பின் பெயர் இருந்தால், பாஸை அழித்த பிள்ளைகளின் புகாருக்கு விடை அதுதான்.

வைஃபை சிப் என்பது தனியாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்கென்று ஒரு புரோகிராம் வேண்டும். செலவை மிச்சப்படுத்த அந்தப் புரோகிராமை நிரந்தரமாகச் சிப்பில் பதிக்காமல், ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் இயங்குதளமே ஏற்றிவிடட்டும் என்று நிறுவனங்கள் விட்டுவிட்டன. அந்தப் புரோகிராமின் மூலநிரலை அவர்கள் வெளியிடுவதில்லை. மூலநிரல் இல்லாத எதையும் எங்கள் குறுந்தகட்டில் சேர்க்கமாட்டோம் என்பது டெபியன்காரர்களின் கொள்கையாக இருந்தது. இரண்டு பக்கமும் அவரவர் நியாயத்தில் நின்றதில் நடுவில் மாட்டியவர் பயனர். இன்டர்நெட் வர ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேர் இறக்க இன்டர்நெட் வேண்டும். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, அந்தக் கோப்புகளை நிறுவல் வட்டிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது. கொள்கைப் பிடிப்புக்காரர்களுக்கு இதில் இன்னும் வருத்தம் உண்டு. முடிவு பத்து வருஷம் முன்னால் வந்திருந்தால் இலவச லேப்டாப்களில் பாதியாவது பாஸோடு பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

பழைய பதிப்பாக இருந்தால் தற்காலிகத்துக்கு ஒரு குறுக்குவழி: ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி ஒயரில் இணைத்து ‘டெதரிங்’கை இயக்கினால், லினக்ஸ் அதை ஒரு லேன் கார்டாகவே எடுத்துக்கொள்ளும். அதன் வழியாகத் தேவையான ஃபர்ம்வேரை இறக்கிக்கொள்ளலாம்.

அடுத்தது கேபிள். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் லைட்டு எரிந்தும் நெட் வராததற்கு மிக அழகான காரணம் இதில்தான் ஒளிந்திருக்கிறது.

லேன் கேபிளை வெட்டிப் பார்த்தால் எட்டு ஒயர், நான்கு ஜோடி: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொன்றும் வெள்ளைக் கோடு போட்ட தன் துணையோடு முறுக்கிக் கிடக்கும். முறுக்கு அழகுக்காக இல்லை. ஒரு ஜோடியில் ஒரு ஒயரில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் அதே அளவு இறங்கும். மறுமுனையில் இருக்கும் சிப் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படிக்கும். வெளியிலிருந்து வரும் இரைச்சல், அதாவது பக்கத்தில் ஓடும் மின்விசிறி, டியூப்லைட் சோக், அடுத்த ஜோடியின் சிக்னல், முறுக்கிய இரண்டு ஒயரிலும் ஏறத்தாழ ஒரே அளவில் விழும். வித்தியாசம் எடுக்கும்போது அது கழிந்துபோகும்.

இப்போது கேபிள் முனையில் பிளக்கை வைத்து அழுத்தும், அதாவது க்ரிம்ப் செய்யும் இடத்துக்கு வருவோம். தரப்படி வரிசை இப்படி: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி 3ஆம் பின்னிலும் 6ஆம் பின்னிலும் போய் உட்காரும், நடுவில் நீலம். புதிதாகக் கற்ற பையனுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, பழுப்பு இரண்டு என்று ஒழுங்காக அடுக்கிவிடுவான். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி அடுக்குவான். டெஸ்டரில் செருகினால் ஒன்று முதல் எட்டு வரை எல்லா விளக்கும் வரிசையாக எரியும். டெஸ்டரைப் பொறுத்தவரை அந்த எட்டு ஒயரும் அறுபடாமல் போய்ச் சேர்கின்றன, அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

ஆனால் கார்டு அனுப்புகிற சிக்னலுக்கு 3ம் 6ம் ஒரு ஜோடி. பையனின் கேபிளில் 3ஆம் பின்னில் பச்சைக்காரன், 6ஆம் பின்னில் நீலக்காரன். இருவரும் வேறு வேறு துணையோடு முறுக்கியிருக்கிறார்கள். இரைச்சல் இருவர் மேலும் ஒரே அளவில் விழாது, கழியவும் செய்யாது. இரண்டு மீட்டர் கேபிள் என்றால் ஒருவேளை சமாளித்துவிடும். கடையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்க அறைக்கு முப்பது மீட்டர் ஓட்டினால் தடுமாறும். லைட்டு ஏன் எரிகிறது? இணைப்பின் தொடக்கத்தில் இரண்டு கார்டுகளும் வேகத்தைப் பேசி முடிவு செய்யப் பயன்படுத்தும் துடிப்புகள் மெதுவானவை. அவை கெட்ட கேபிளிலும் தப்பிப் போய்விடும். உண்மையான தரவு ஓடத் தொடங்கியதும் சிதைகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ‘ஈத்டூல்’ என்ற கட்டளை, கார்டு எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று சொல்லும். 1000 வர வேண்டிய இடத்தில் 100 என்று வந்தால் முதலில் எட்டு ஒயரையும் சந்தேகிக்கலாம். 100க்கு நான்கு ஒயர் போதும், 1000க்கு எட்டும் வேண்டும். அதே கட்டளைக்குப் புள்ளிவிவரம் கேட்டால், சிதைந்து வந்த பொட்டலங்களின் எண்ணிக்கையைக் காட்டும். பத்து நிமிஷம் கழித்து மறுபடி பார்த்து அந்த எண் ஏறியிருந்தால், கத்திரியை எடுத்து இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாக க்ரிம்ப் செய்ய வேண்டியதுதான். கேபிள் வாங்கும்போதே ஒன்றைக் கவனிக்கலாம்: மலிவாகக் கிடைப்பவற்றில் பல, அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியவை. ஒயரின் நுனியைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். இரண்டு தடவை வளைத்தால் ஒடியும். சாரல் காலத்து ஈரக்காற்று பட்டால் முனை சீக்கிரம் கெடும்.

கேபிளும் நன்றாக இருக்கிறதா? முகவரி கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டர்தான் ஒவ்வொரு மெஷினுக்கும் எண் முகவரி வழங்கும். கிடைக்காவிட்டால் விண்டோஸ் 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும். உபுண்டு, பாஸ் மாதிரியானவை பெரும்பாலும் எண்ணே இல்லாமல் இணைக்க முயன்றுகொண்டே இருக்கும். சில கடைகளில் இதற்கு நேர்மாறான கோளாறு வரும்: முகவரி கொடுக்க இரண்டு பேர். போர்ட் போதவில்லை என்று பரணிலிருந்து பழைய ரவுட்டர் ஒன்றை எடுத்து ஸ்விட்ச் போலச் செருகியிருப்பார்கள். அதுவும் முகவரி வழங்கத் தொடங்கும். ஒரு மெஷினுக்கு நெட் வரும், இன்னொன்றுக்கு வராது. மறுநாள் மாறி வரும். பேய் பிடித்த மாதிரி இருக்கும். ஒரு மெஷின் 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் காட்டினால் பரணை நினைத்துக்கொள்ளுங்கள்.

முகவரி வந்தபின் ‘பிங்’. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர், தன் அலுவலக நெட்வொர்க்கில் வந்த ஒரு விசித்திரக் கோளாறைப் பிடிக்க எழுதிய சின்னப் புரோகிராம் இது. முதலில் ரவுட்டரை பிங் செய்யுங்கள். பிறகு வெளியே இணையத்திலுள்ள 8.8.8.8 என்ற முகவரியை. அதற்குப் பதில் வருகிறது, ஆனால் பிரவுசரில் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், எண்ணுக்கு வழி இருக்கிறது, பெயருக்கு இல்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பை மாற்றினால் முடிந்தது.

எல்லாம் சரி, பிங் போகிறது, பெயரும் கிடைக்கிறது, அப்படியும் அரசு இணையதளம் மட்டும் “பாதுகாப்பற்றது” என்று கதவைச் சாத்துகிறதா? திரையின் மூலையிலுள்ள கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்டில் ஒரு வட்டமான பேட்டரி உண்டு. சிஆர்2032 என்பது அதன் அளவைச் சொல்லும் பெயர்: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 3 வோல்ட். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது நேரத்தைக் காப்பது அதன் வேலை. 2012இல் பல மணி நேர மின்வெட்டை அனுபவித்த பழைய மெஷின்களில் அது சீக்கிரம் வற்றியிருந்தால் ஆச்சரியம் இல்லை. சுவரில் கரண்ட் இருக்கும்வரை பேட்டரிக்கு அநேகமாக ஓய்வு, கரண்ட் போனால் முழுச் சுமையும் அதன் மேல். வற்றியபின் கடிகாரம் மதர்போர்டு பிறந்த வருஷத்துக்கே போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று கெடு உண்டு. உங்கள் மெஷினின் கணக்கில் இன்றைக்கு 2010 என்றால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. பிரவுசர் மறுக்கிறது, சரியாகத்தான் மறுக்கிறது.

கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பாக ஓடினால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். அது விண்டோஸும் லினக்ஸும் ஒரே மெஷினில் குடியிருக்கும்போது வரும் சண்டை. விண்டோஸ், மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்ஸ் அதே கடிகாரத்தில் இருப்பது உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, இந்தியாவுக்காக ஐந்தரை மணி கூட்டும். காலை 10 மணிக்கு விண்டோஸை மூடி லினக்ஸைத் திறந்தால் பிற்பகல் 3.30. லினக்ஸ் நெட்டைப் பார்த்து அதைத் திருத்தி எழுதினால், அடுத்த முறை விண்டோஸில் விடிகாலை 4.30. தப்பின் அளவே தப்பின் காரணத்தைச் சொல்லிவிடுகிறது. லினக்ஸில் ஒரு கட்டளையில் இரண்டையும் சமாதானம் செய்யலாம்.

அதே இரட்டைக் குடியிருப்பில் இன்னொன்று. விண்டோஸ் 8 முதல் ‘ஷட் டவுன்’ என்பது பாதித் தூக்கம்தான். லேன் கார்டை அரை மயக்கத்தில் விட்டுவிட்டுப் போய்விடும். பின்னால் வரும் லினக்ஸ் எழுப்பினால் சில கார்டுகள் எழாது. பிளக்கைப் பிடுங்கி அரை நிமிஷம் விட்டுப் போட்டால் எழுந்துவிடும். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பை அணைப்பது நிரந்தரத் தீர்வு.

இத்தனை மடையையும் ஏறிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஒரு 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸை ஏற்றி, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் அதிலிருந்தே மெஷினைக் கிளப்பலாம். நெட் வந்துவிட்டால் வன்பொருள் குற்றமற்றது, கோளாறு உள்ளே நிறுவியிருப்பதில்; வராவிட்டால் ஃபார்மட் போடும் பேச்சையே எடுக்க வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் பாதி உலகம் கழிந்துவிடும். நெட்வொர்க் மட்டும் இல்லை, சவுண்டு வரவில்லை, திரை கோடு போடுகிறது, பாதியில் உறைகிறது என்ற எல்லாப் புகார்களுக்கும் இதே சோதனை. உறைகிற மெஷினுக்கு அதே பென்டிரைவில் மெம்டெஸ்ட் புரோகிராமையும் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடலாம். சிவப்பில் ஒரு வரி வந்தாலும் ரேம் சந்தேகத்துக்குரியது. ஸ்லாட்டிலிருந்து எடுத்து, தங்கப் பூச்சுள்ள விளிம்பை ரப்பரால் லேசாகத் தேய்த்து, துடைத்துச் செருகி, மறுபடி ஓடவிட வேண்டும்.

பென்டிரைவுக்குப் பிடிபடாத ஒன்று எஸ்எம்பிஎஸ். காலையில் கிளம்பும், மத்தியானம் பிரிண்டருக்கு வேலை கொடுக்கும் நேரமாகப் பார்த்துத் தானே ரீஸ்டார்ட் ஆகும், பதிவில் ஒரு வரியும் இருக்காது. எழுதுவதற்குள் கரண்ட் போய்விடுவதால் கெர்னலுக்கு அவகாசமே கிடைப்பதில்லை. அப்படிப் பதிவு நட்டநடுவில் அறுந்து நின்றால் பெட்டியைத் திறந்து, மதர்போர்டில் உருளையாக நிற்கும் கபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க விற்ற போர்டுகளில் மின்பகுளிக் கலவை தப்பாகிப் போய், அந்தத் தலைகள் உப்பி வெடித்த கதை பிரசித்தம். அந்தக் கால மெஷின்கள் இன்னும் சில இடங்களில் ஓடுகின்றன. தலை உப்பவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பல்லியோ எறும்புக் கூட்டமோ உள்ளே போய்ச் செத்திருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கியபிறகும் உள்ளிருக்கும் பெரிய கபாசிட்டரில் முந்நூறு வோல்ட் வரை மிச்சம் இருக்கலாம். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கைமாற்றாக வாங்கி வந்து, ஒரு மத்தியானம் போட்டுப் பார்ப்பதுதான் அதற்கான சோதனை.